சூரிய கார் பந்தயத்தில் ஒரு நாள்: இன்றைக்கு எவ்வளவு வேகம் கட்டுப்படியாகும்?

சூரிய ஒளியில் மட்டும் ஓடும் கார்களுக்கு ஒரு பந்தயம் நடக்கிறது என்று சொன்னதும் யாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. அந்தப் பந்தயத்தில் ஓடும் மாணவர்களோ காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை தங்களுக்குள் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "இந்த நேரத்தில் எவ்வளவு வேகம் போனால் நமக்குக் கட்டுப்படியாகும்?" இந்த இரண்டாவது கேள்வி பிடிபட்டால் சூரிய கார் பந்தயமே பிடிபட்டுவிடும். அதனால் ஒரு மாணவர் அணி சாலையில் கழிக்கும் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து இரவு வரை அந்தக் கேள்விக்கான பதில் எப்படி மாறிக்கொண்டே போகிறது என்று பார்க்கலாம்.

பந்தயம் நடப்பது ஆஸ்திரேலியாவில். பெயர் வேர்ல்ட் சோலார் சேலஞ்ச். வடக்குக் கடற்கரையில் இருக்கும் டார்வினில் கிளம்பி, நாட்டின் நடுவே பாலைநிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தெற்கே அடிலெய்டு வரை சுமார் 3,000 கி.மீ. போக வேண்டும். பெரும்பகுதி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை என்ற ஒரே சாலை. இதற்கு விதை போட்டது 1982 இறுதியில் தொடங்கிய ஒரு பயணம்: ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப் என்பவரும் கார் பந்தய வீரர் லாரி பெர்கின்ஸும் மேற்குக் கரையில் உள்ள பெர்த்திலிருந்து கிழக்கே சிட்னி வரை, ஏறக்குறைய 4,000 கி.மீ. தூரத்தை ஒரு சூரிய காரில் 20 நாளில் கடந்தார்கள். 1987இல் முதல் போட்டி நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய சன்ரேசர் மணிக்குச் சராசரியாக 67 கி.மீ. வேகத்தில் ஓடி ஜெயித்தது. பிறகு பல்கலைக்கழக மாணவர்கள் இந்தப் போட்டியைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், பெல்ஜியத்தின் லூவன், ஜப்பானின் டோக்காய், அமெரிக்காவின் மிச்சிகன் என்று வழக்கமாக முன்னணியில் வரும் அணிகள் உண்டு. சென்னை ஐஐடி மாணவர்களின் அக்னிரத் அணியும் இந்தப் போட்டியை மனதில் வைத்துத்தான் ஆக்னேயா என்ற காரைக் கட்டி 2023 தொடக்கத்தில் வெளியிட்டது.

சரி, காருக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

மேகம் இல்லாத உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளி சுமார் 1,000 வாட். நல்ல சிலிக்கான் செல் அதில் ஏறக்குறைய 24 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும். 2023 போட்டியின் விதிப்படி கார் மேல் 4 சதுர மீட்டர் பேனல்தான் வைக்கலாம். பெருக்கிப் பாருங்கள், 960 வாட் வருகிறது. வீட்டில் துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸ் இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளைச் சுமந்து, நெடுஞ்சாலையில், மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓட வேண்டும். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் யாருக்கும் இது நடக்கவே நடக்காது என்றுதான் தோன்றும்.

நடப்பதற்குக் காரணம், செலவை அவர்கள் அந்த அளவுக்குக் குறைத்திருப்பது. முன்னணிக் கார்களின் உடல் முழுக்க கார்பன் ஃபைபர், எடை ஓட்டுநர் இல்லாமல் 200 கிலோவுக்கு உள்ளேதான். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், நடுவில் கியர் செயின் எதுவும் கிடையாது, கொடுத்த மின்சாரத்தில் 97, 98 சதவீதம் நேராகச் சக்கரத்தைச் சுற்றப் போய்விடும். டயர் ஒல்லியானது, சாலையில் உருளும்போது வீணாவது ரொம்பக் குறைவு. மிச்சம் இருக்கும் ஒரே பெரிய எதிரி காற்று.

காற்றைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்குக் கொடுக்க வேண்டியது எட்டு மடங்கு. உருட்டலுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் போவதையும் சேர்த்து, ஒரு நல்ல மாணவர் காருக்கு நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கு இது: 60 கி.மீ. வேகத்தில் சுமார் 360 வாட், 80இல் 700 வாட், 100இல் 1,240 வாட். 60லிருந்து 80க்குப் போக 340 வாட் கூடுதல், அதே இருபதை 80லிருந்து 100க்கு ஏற்ற 540 வாட் கூடுதல். காருக்குக் கார் எண்கள் மாறும், ஆனால் ஏறும் விதம் மாறாது.

பேனல் தவிர ஒரு பேட்டரியும் உண்டு. 2023இல் லித்தியம் அயான் என்றால் 20 கிலோதான் அனுமதி, அதில் சுமார் 5 யூனிட் பிடிக்கும். மின்சார பில்லில் வருகிற அதே யூனிட்தான், ஆயிரம் வாட்டை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு யூனிட். டார்வினில் கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருக்கும். அப்புறம் அடிலெய்டு வரை சூரியனிடமிருந்து வருவது மட்டும்தான், வழியில் எந்த பிளக்கிலும் சொருகக் கூடாது.

இப்போது நம் அணியிடம் போகலாம். இரண்டாம் நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் அக்டோபர், இடம் டெனன்ட் கிரீக் என்ற சிற்றூருக்கு வடக்கே எங்கோ ஒரு சாலையோரம். ஊர் எதுவும் இல்லை, செம்மண்ணும் புதரும் ஈக்களும்தான்.

ஆறு மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சூரியன் எழுகிறது. சாலையில் ஓட எட்டு மணி வரை அனுமதி இல்லை, ஆனால் சார்ஜ் ஏற்றத் தடை இல்லை. அதனால் வெளிச்சம் வருவதற்கு முன்பே எல்லோரும் எழுந்து, காரின் மேல்பகுதியைப் பேனலோடு கழற்றி, கிழக்கே பார்த்துச் சாய்த்துப் பிடித்துத் தாங்கிக் கட்டைகளில் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் சாய்க்க வேண்டும்? சூரியன் தொடுவானத்திலிருந்து 15 பாகை மட்டும் எழும்பியிருக்கும்போது, தரைக்குப் படுக்கையாகக் கிடக்கும் பேனல் தன் மேல் வரக்கூடிய நேர் ஒளியில் கால்பங்கைத்தான் பிடிக்கும். சூரியனை நேராகப் பார்க்கிற மாதிரி சாய்த்தால் முழுப்பங்கும் கிடைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து சூரியன் நகர்ந்ததற்கு ஏற்ப ஒரு கட்டையை நகர்த்திவிட்டுப் போவார்கள். பார்க்கச் சாதாரண வேலை. காலையும் மாலையும் இப்படி ஏற்றுவதில் சேர்வது ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டாலும், 80 கி.மீ. வேகத்தில் ஓடும் நம் காருக்கு அது நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும்.

இதே நேரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேர்தான் அணியின் உத்திக்காரர்கள். என்னைக் கேட்டால் இந்தப் பந்தயத்தில் கவனித்துப் பார்க்க வேண்டிய ஆட்கள் இவர்கள்தான், ஓட்டுநரைவிடவும். இன்றைய கணக்கை அவர்கள் இப்படிப் போடுகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் ஓடிக்கொண்டே பேனலில் கிடைப்பது சுமார் 6 யூனிட். நின்று ஏற்றும் நேரங்களில் 1 யூனிட். பேட்டரியில் இருப்பதை ஐந்து நாளுக்குப் பிரித்தால் இன்றைக்குச் செலவழிக்க 1 யூனிட். மொத்தம் 8. ஓடும் நேரம் எட்டிலிருந்து ஐந்து வரை ஒன்பது மணி நேரம், நடுவில் இரண்டு கட்டாய நிறுத்தம், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், அது போக 8 மணி நேரம். எட்டை எட்டால் வகுத்தால் மணிக்கு ஒரு யூனிட், அதாவது ஆயிரம் வாட். மேலே சொன்ன எண்களில் தேடினால் ஆயிரம் வாட் என்பது 80க்கும் 100க்கும் நடுவில், சுமார் 92 கி.மீ. வேகத்தில் வந்து விழுகிறது. இன்றைய பதில் 92. இந்த எண்ணோடுதான் நாள் தொடங்குகிறது.

எட்டு மணி. கார் தனியாகப் போவதில்லை. முன்னால் ஒரு வழிகாட்டிக் கார், நடுவில் சூரிய கார், பின்னால் உத்திக்காரர்கள் உட்கார்ந்த துரத்தல் கார், இன்னும் பின்னால் சாமான் ஏற்றிய லாரி. பல அணிகள் வானிலை பார்ப்பதற்கென்றே ஒரு வண்டியைப் பல கிலோமீட்டர் முன்னால் அனுப்பிவிடுவார்கள். சூரிய காரிலிருந்து பேட்டரி நிலை, பேனல் கொடுக்கும் மின்சாரம், மோட்டார் சூடு என்று எல்லா அளவுகளும் ரேடியோ வழியாகப் பின்னால் இருக்கும் காருக்கு நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து சொல்கிறார்கள், "92இல் வை." ஓட்டுநர் வேகத்தைப் பூட்டிக்கொள்கிறார். அவராக விருப்பப்பட்டு 95 போக முடியாது, 88க்கு இறங்கவும் முடியாது. வடக்குப் பிராந்தியத்தில் இந்த நெடுஞ்சாலையின் வேக வரம்பு 130 கி.மீ., சட்டம் அனுமதிக்கிறது, பேட்டரி அனுமதிக்கவில்லை.

ஏன் இவ்வளவு கறாராக ஒரே வேகம்? இதுதான் இந்த விளையாட்டின் முதல் பாடம். ஒரு மணி நேரம் 70இலும் அடுத்த ஒரு மணி நேரம் 90இலும் ஓட்டினால் 160 கி.மீ. வரும். இரண்டு மணி நேரமும் 80இலேயே ஓட்டினாலும் அதே 160 கி.மீ.தான். தூரமும் நேரமும் ஒன்று, ஆனால் காற்றுக்குக் கொடுத்த ஆற்றல் ஒன்றாக இருக்காது. 7, 8, 9 ஆகிய எண்களின் மும்மடியை எடுங்கள்: 343, 512, 729. முதல் வழிக்கு 343உம் 729உம் சேர்ந்து 1,072. இரண்டாம் வழிக்கு 512 இரண்டு தடவை, 1,024. மெதுவாகப் போனபோது மிச்சம் பிடித்ததைவிட வேகமாகப் போனபோது செலவழித்தது அதிகம், கிட்டத்தட்ட 5 சதவீதம் வீண். முன்னணி அணிகளுக்கு நடுவே 3,000 கி.மீ. ஓடி முடித்த பிறகு இருக்கும் இடைவெளி சில வருடங்களில் நிமிடக் கணக்கில்தான், அங்கே 5 சதவீதம் என்பது ரொம்பப் பெரிய விஷயம். முந்தும் ஆசையில் ஒருவரை ஒருவர் துரத்தும் அணி பெரும்பாலும் மறுநாள் அதற்கான விலையைக் கொடுக்கும். பக்கத்து அணி கண் முன்னால் தாண்டிப் போகும்போது, நம் எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்க இருபது வயதில் நிறைய மன உறுதி வேண்டும். எனக்கு இந்தப் பந்தயத்தில் ரொம்பப் பிடித்த இடமும் அதுதான்.

பத்தரை மணிக்கு வானிலை வண்டியிலிருந்து தகவல்: நாற்பது கிலோமீட்டர் முன்னால் மேகம், அங்கே ஒளி பாதிக்கும் கீழே. இப்போது வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா? மின்சாரம் குறைவாக வருகிற இடத்தில் மெதுவாகப் போய்ச் சேமிக்கலாம் என்றுதான் தோன்றும். பதில் நேர்மாறானது. மேகத்தின் நிழல் சின்னதாக இருந்து, அந்தப் பக்கம் வெயில் இருப்பது தெரிந்தால், மேகத்துக்குள் கொஞ்சம் வேகமாகவும் வெயிலில் கொஞ்சம் மெதுவாகவும் போக வேண்டும். கடக்கும் தூரம் மாறப் போவதில்லை, ஆனால் நிழலில் கழியும் நிமிடங்கள் குறைந்து வெயிலில் கழியும் நிமிடங்கள் கூடுகின்றன, மொத்தத்தில் பேனலுக்குக் கிடைக்கும் ஒளி அதிகம். அதற்காக ஒரேயடியாக 110க்கு ஏற்றிவிட முடியாது, மும்மடிக் கணக்கு உடனே கடிக்கும். ஐந்து கி.மீ. கூட, ஐந்து கி.மீ. குறைய, அந்த அளவில்தான் விளையாட்டு. வானம் முழுக்க மூடி நாள் பூராவும் அப்படியேதான் இருக்கும் என்றால் இந்தத் தந்திரத்துக்கு வேலையே இல்லை, எண்ணைக் கீழே இறக்கிவிட்டு ஒரே சீராக ஓட்ட வேண்டியதுதான்.

எவ்வளவு இறக்குவது? மேகத்தால் இன்று 2 யூனிட் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்குப் பதில் ஆறு, மணிக்கு 750 வாட். வேகம் சுமார் 82. வரவில் கால்வாசி போனது, வேகத்தில் போனது 10 கி.மீ.தான். மேலே ஏறும்போது கொடுமையாக இருக்கும் அதே மும்மடிக் கணக்கு, இறங்கும்போது கருணையாக இருக்கிறது. மேகத்தைப் பார்த்ததும் பதறிப்போய் 60க்கு இறக்கும் அணிகள் தேவைக்கு மேல் நேரத்தை இழக்கின்றன.

பேனலுக்குள் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒரே தகடு இல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன செல்களைச் சரம் சரமாகக் கோத்தது. ஒரு சரத்தில் எல்லா செல் வழியாகவும் ஒரே மின்னோட்டம் போக வேண்டும், அதனால் ஒரு செல் மேல் மட்டும் நிழல் விழுந்தாலும் சரம் முழுக்க நெரிபடும். ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடிக் கூண்டின் நிழலே போதும். இதைச் சமாளிக்க, நிழல்பட்ட செல்களைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போக மாற்று வழிகள் வைக்கிறார்கள், ஒவ்வொரு சரத்துக்கும் எந்த மின்னழுத்தத்தில் அதிகபட்சத் திறன் கிடைக்கிறது என்று விடாமல் தேடிக்கொண்டே இருக்கும் ஒரு கருவியும் வைக்கிறார்கள். இன்னொரு வசதி, பந்தயம் முழுக்கத் தெற்கே பார்த்த பயணம். காலையில் சூரியன் இடது பக்கம், மாலையில் வலது பக்கம், நண்பகலில் முதுகுப் பக்கம். நிழல் எப்போது எங்கே விழும் என்பது காரை வரையும்போதே தெரியும், கூண்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதில் அதற்கும் பங்கு உண்டு.

பதினொன்றரை. முன்னால் போகும் காரிலிருந்து ரேடியோவில் எச்சரிக்கை: எதிரே ரோடு ட்ரெயின். இழுவை லாரிக்குப் பின்னால் மூன்று நான்கு டிரெய்லர்களைக் கோத்த வண்டி, ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். அது எதிரில் கடக்கும்போது முதலில் காற்றுச் சுவர் ஒன்று காரை வெளியே தள்ளும், அடுத்த நொடி வண்டியின் பின்னால் உண்டாகும் வெற்றிடம் உள்ளே இழுக்கும். ஓட்டுநரையும் சேர்த்து 250, 280 கிலோ இருக்கும் காருக்கு இது சாதாரணம் இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தள்ளலுக்கு எதிராக ரொம்பத் திருப்பிவிடாமல் சமாளிக்க வேண்டும்.

பக்கக்காற்றும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு லாபமும் உண்டு. சக்கரங்களை மூடியிருக்கும் உயரமான உறைகள் சரியான வளைவில் இருந்தால், பக்கத்திலிருந்து வரும் காற்று பாய்மரத்தைத் தள்ளுவதைப்போலவே காரையும் கொஞ்சம் முன்னால் தள்ளும். 2023இல் ஜெயித்த பெல்ஜியம் மாணவர்களின் கார் இதற்கென்றே முதுகில் ஒரு துடுப்பு வைத்திருந்தது. காற்று எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் 2019 போட்டி காட்டியது. முன்னணியில் ஓடிய நெதர்லாந்தின் ட்வென்டே அணியின் காரைப் பலத்த காற்று சாலையை விட்டே தூக்கிப்போட்டது. அதே போட்டியின் கடைசி நாளில், முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த டெல்ஃப்ட் அணியின் கார் அடிலெய்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் இருக்கும்போது தீப்பிடித்து எரிந்தது. ஓட்டுநர் காயமில்லாமல் வெளியே வந்துவிட்டார், இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பெல்ஜியம் அணி ஜெயித்தது. ஒன்றரை வருட உழைப்பு சில நிமிடத்தில் முடிந்துபோவதைச் சாலையோரம் நின்று பார்த்த அந்த மாணவர்களை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது.

நண்பகலை ஒட்டி டெனன்ட் கிரீக். இங்கே கட்டாய நிறுத்தம். வழியில் கேத்தரின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கூபர் பீடி என்று இப்படிப் பல ஊர்களில் உண்டு. அரை மணி நேரம் கடிகாரம் ஓடும், கார் நகராது. பேனலைச் சூரியனைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், ஓட்டுநர் மாறுவார். அணியோடு பயணம் செய்யும் கண்காணிப்பாளரும் வேறு அணிக்குப் போய்ப் புதியவர் வருவார். ஓட்டுநர் எடை விஷயத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது: எடை 80 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் மீதிக்கு ஈடாகப் பாரம் வைத்தே ஓட்ட வேண்டும். இல்லையென்றால் ஒல்லியான ஆளைத் தேடுவதும் பட்டினி போடுவதும் ஆரம்பித்துவிடும்.

இறங்கி வரும் ஓட்டுநரின் சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். ஏசி கிடையாது, காற்று உள்ளே வர விட்டால் இழுவை கூடும் என்பதால் அதற்கும் சின்னத் துளைதான். வெளியே 40 பாகை என்றால் உள்ளே 50ஐத் தொடலாம். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டால் பேனலுக்கும் கஷ்டம்தான். சிலிக்கான் செல்லில் ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் கிடைக்கும் திறனில் 0.3 சதவீதம்போலக் குறையும். ஓடும்போது காற்று குளிர வைத்துவிடுகிறது, நிற்கும்போதுதான் சூடு ஏறும். வெயில் அதிகம் என்றால் மின்சாரம் அதிகம் என்று சொல்லிவிட முடியாது, வேண்டியது ஒளி, வெப்பம் வெறும் தொல்லை.

பிற்பகல் பெரும்பாலும் சலிப்பானது, அதுவே நல்ல செய்தி. பஞ்சர் ஆனால்தான் பரபரப்பு. பின்னால் வரும் காரிலிருந்து நாலைந்து பேர் குதித்து ஓடிவந்து, பந்தயத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் பழகிய வரிசையில் சக்கரத்தை மாற்றிவிடுவார்கள். மாடுகள் தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே போட்டிருக்கும் இரும்புக் கம்பித் தடுப்புகள் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஒல்லி டயருக்கு அது ஆகாது. குறைக்கும்போதும் சும்மா பிரேக்கை மிதிப்பதில்லை, மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி, போகிற வேகத்தில் ஒரு பங்கை மின்சாரமாகப் பேட்டரிக்குத் திருப்பிவிடுவார்கள்.

நாலரை மணிக்கு மேல் வழிகாட்டிக் காரின் வேலை மாறுகிறது. ஐந்து மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கேதான் இரவு. பத்து நிமிடம் வரை சலுகை உண்டு, எடுத்துக்கொண்ட நேரத்தை மறுநாள் காலையில் தாமதமாகக் கிளம்பி ஈடுகட்ட வேண்டும். தேடுவது படுக்க வசதியான இடத்தை மட்டும் இல்லை. மேற்கே மரமோ மேடோ மறைக்காத இடம் வேண்டும், ஏனென்றால் சூரியன் மறைய இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, காலையில் செய்த அதே வேலை இப்போது மேற்கே பார்த்து. நல்ல இடம் ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால் வந்துவிட்டால் அந்த இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுத்து அங்கேயே நிற்பது புத்திசாலித்தனம். மரத்தடியில் நின்று தொலைத்த ஒளியைத் திரும்ப வாங்க முடியாது.

இருட்டிய பிறகு சமையல், டயர் பரிசோதனை, தூக்கம். உத்திக்காரர்களுக்குத் தூக்கம் கடைசியில்தான். இன்று நினைத்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம், நாளைக்கு வானம் எப்படி, மிச்சம் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து நாளைய எண்ணைத் தேடுகிறார்கள். இங்கே புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் ஒரு விஷயம் இருக்கிறது: பேட்டரியில் மிச்சம் வைப்பது நல்லது என்று தோன்றும். அடிலெய்டில் முடிவுக்கோட்டைத் தாண்டும்போது பேட்டரியில் ஒரு யூனிட் மீதி இருந்தால், அந்த ஒரு யூனிட் அளவுக்கு முந்தைய நாட்களில் தேவையில்லாமல் மெதுவாகப் போயிருக்கிறோம் என்று அர்த்தம். சரியாகத் திட்டம் போட்ட அணி கோட்டைத் தொடும்போது பேட்டரி காலியாக இருக்கும். அதற்கு நூறு கிலோமீட்டர் முன்னாலேயே காலியானால் நடுச்சாலையில் நின்று வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். தெற்கே போகப் போகச் சூரியன் தாழ்ந்துகொண்டே வரும், கடல் பக்கத்து மேகமும் சேரும், அதனால் கடைசி நாளுக்கு எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதில்தான் பெரிய சண்டையே நடக்கும்.

இதெல்லாம் முன்னணி அணிகளின் கதை. களத்தில் பாதிப் பேருக்கு முழுத் தூரத்தையும் சூரிய சக்தியிலேயே கடக்க முடிவதில்லை. நேரத்துக்குள் கட்டாய நிறுத்தத்தைப் பிடிக்க முடியாத கார் டிரெய்லரில் ஏறும், அதற்கு மேல் அந்த அணிக்குப் போட்டி வரிசையில் இடம் இல்லை. ஆனாலும் மறுபடி இறக்கி ஓட்டிக்கொண்டே போகிறார்கள். அப்படிப்பட்ட அணிகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பது என் கருத்து, ஜெயிக்கும் கார்களில் எதுவும் உடைவதில்லை என்பதால் எது ஏன் உடைகிறது என்பது அங்கே தெரியவே தெரியாது.

கடைசியாக, பழைய முடிவுகளை எடுத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 2005இல் டெல்ஃப்ட் மாணவர்களின் நூனா 3 சராசரியாக 102.75 கி.மீ. வேகத்தில் ஜெயித்தது. 2023இல் ஜெயித்த காரின் சராசரி 88.2. பதினெட்டு வருடத்தில் பின்னால் போய்விட்டார்களா என்று கேட்கத் தோன்றும். நூனா 3இன் மேல் 8 சதுர மீட்டருக்கும் அதிகமான பேனல் இருந்தது, அதுவும் விண்கலங்களுக்குச் செய்யப்படும் விலை உயர்ந்த செல்கள். கார்கள் சாலையின் வேக வரம்பை எட்டத் தொடங்கியதும் போட்டி நடத்துபவர்கள் 2007இல் பரப்பை 6 சதுர மீட்டராகக் குறைத்து, ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்புறம் அது 4 ஆனது. பாதிக்கும் குறைவான பரப்பு, சாதாரண சிலிக்கான், அதில் 88. 2025இல் மறுபடி மாற்றினார்கள்: பேனல் 6 சதுர மீட்டர், பேட்டரி சுமார் 3 யூனிட்டுக்குச் சுருங்கியது, போட்டியும் அக்டோபரிலிருந்து அங்கே குளிர்காலமான ஆகஸ்டுக்கு நகர்ந்தது. பகல் குறைவு, நண்பகலில்கூடச் சூரியன் தாழ்வு, மேகத்தில் மாட்டினால் கைகொடுக்கக் கையிருப்பும் சின்னது. அந்த வருடம் ஜெயித்ததும் டெல்ஃப்ட் அணிதான். அதனால் இரண்டு வருடத்தின் வேகத்தை ஒப்பிடுவதற்கு முன்னால் அந்தந்த வருடம் பேனல் எத்தனை சதுர மீட்டர், பேட்டரி எத்தனை யூனிட், எந்த மாதம் ஓடினார்கள் என்று மூன்றையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாருங்கள்.